க்ரேப் பேண்டேஜை முதலில் கழற்றுங்கள், தம்பி

கேள்வி:

டாக்டர், எனக்கு 24 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை. சான்றிதழ்களில் பெண். நான் திருநம்பி. இது என் அக்காவுக்கும் இரண்டு நண்பர்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஐந்து மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஜிம் மாஸ்டர் ஒருவர் 250 மி.கி. ஊசி வாங்கிவந்து வாரம் ஒருமுறை அவரே போட்டுவிடுகிறார். உடம்பு ஏறும் என்று ஒரு மாத்திரையும் தருகிறார். குரல் உடைந்துவிட்டது. அம்மா தொண்டைக்கட்டு என்று நினைத்துக் கற்பூரவல்லிக் கஷாயம் வைத்துத் தருகிறார். மார்பில் க்ரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு பத்து மணிக்குத்தான் அவிழ்ப்பேன். அந்த இடமெல்லாம் வட்டவட்டமாக அரிப்பு. மெடிக்கலில் வாங்கிய க்ரீம் போட்டால் குறைகிறது, விட்டால் இன்னும் அதிகமாக வருகிறது. அடிக்கடி தலைவலி. முகமெல்லாம் பரு. மாதவிலக்கு நின்றதுபோல இருந்துவிட்டுத் திடீரெனப் படுகிறது. அன்றைக்கெல்லாம் செத்துவிடலாம்போல இருக்கும். கம்பெனியில் எந்த பாத்ரூமுக்கும் போக முடியாததால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை, சில நாள் சிறுநீரில் எரிச்சல். பசங்களோடு சேர்ந்து சிகரெட்டும் பழகிவிட்டது. ஈரல் போய்விடும், கர்ப்பப்பை அழுகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஊசியை நிறுத்திவிடவா? டாக்டரிடம் போகலாம்தான். சட்டையைக் கழற்றச் சொல்வாரே என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். என்னைத் தம்பி என்றே கூப்பிடுங்கள்.

பி.கு.: ஷேவ் செய்தால் மீசை சீக்கிரம் வளருமா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

தம்பி,

நிறுத்திவிடவா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். டெஸ்டோஸ்டிரோனையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. திருநம்பிகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் ஆண் ஹார்மோன் மருந்து அது. சரியான அளவில், ரத்தப் பரிசோதனையோடு எடுத்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு அதை நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இந்த வாரத்து ஊசி வேண்டாம். பரிசோதனை முடிவு கைக்கு வந்து, ஒரு மருத்துவர் அதைப் பார்த்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். ஓரிரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. உடைந்த குரல் திரும்பிப் போகாது. கொஞ்சம் சோர்வாக இருக்கலாம், மாதவிலக்கு எட்டிப்பார்க்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் பயமெல்லாம் மருந்தின்மேல் இருக்கிறது. எனக்கோ மருந்தைச் சுற்றி நடப்பவை பற்றித்தான் கவலை. பதினான்கு மணி நேரப் பேண்டேஜ், குடிக்காத தண்ணீர், மருத்துவரிடம் காட்டாத ரத்தம் என்று எல்லாமே மறைப்பதற்காகச் செய்பவை. உங்கள் தொந்தரவுகளில் பாதிக்குமேல் இவற்றிலிருந்து வருபவை என்றே நினைக்கிறேன்.

தலைவலியிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம். அளவுக்கு மீறினால் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் பாகு மாதிரி கெட்டியாகிவிடும். தலைவலி, முகம் சிவந்து கதகதப்பாக இருப்பது, கண் மங்கல் எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். முற்றினால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்தும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். சாதாரண முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் ஹெமடோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்று சொல்வது, அதைப் பார்த்தால் போதும். அது 50ஐத் தாண்டினால் மருத்துவர் கவனிக்கத் தொடங்குவார். 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைத்துக் காரணம் தேடுவார். அப்புறம் அளவைக் குறைத்தோ, சிறு சிறு அளவாகப் பிரித்தோ கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த எண்ணை ஏற்றும் காரியங்களில் மூன்றை நீங்கள் சேர்ந்தாற்போலச் செய்துகொண்டிருக்கிறீர்கள். மருந்து அதிகம். சிகரெட். தண்ணீர் இல்லாமல் உடம்பு வறண்டு கிடப்பது. இதில் ஊசியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? அதே நேரம் தலைவலி என்றால் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பலரைக் குழப்புவது. லேபில் கொடுக்கும் படிவத்தில் பெண் என்று இருந்தால், முடிவுத் தாளில் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டுத்தான் அச்சடித்துத் தருவார்கள். ஹீமோகுளோபின் 16 என்று வந்தாலே பக்கத்தில் 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கும் அப்படித்தான். உடனே பதறவேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு இவற்றை ஆண்களுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். மருத்துவரிடம் இதை நீங்களே நினைவூட்டினாலும் தப்பில்லை. எங்கள் படிப்பில் இதற்கென்று ஒரு வகுப்புகூட இல்லாமல் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம்.

இனி ஜிம் மாஸ்டர். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. யாரும் இல்லாத நேரத்தில் உங்களுக்கு உதவியிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த கணக்கு, தசை ஏற்றுபவர்களின் கணக்கு. நீங்கள் சொல்லும் 250 மி.கி. ஊசியை மருத்துவர்கள் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். நீங்கள் வாரத்துக்கு ஒன்று போடுகிறீர்கள். கூடுதலாகப் போட்டால் மீசை சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது நடக்காது. உடம்பு தனக்குத் தேவைக்குமேல் கிடைத்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். அதாவது எதை ஒழிக்கப் பணம் செலவு செய்கிறீர்களோ அதையே உடம்புக்குள் உற்பத்தி செய்கிறீர்கள். மாதவிலக்கு நின்று நின்று வருவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஈரல் பற்றி ஆளாளுக்குச் சொன்னார்கள் என்றீர்கள். தசையில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஈரலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ஈரலைக் கெடுப்பதில் பெயர்போனவை, ஜிம்களில் புழங்கும் சில ஸ்டீராய்டு மாத்திரைகள்தான். ஆகவே அந்தப் பெயர் தெரியாத மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள், இதற்கு எந்தப் பரிசோதனைக்காகவும் காத்திருக்க வேண்டாம். அட்டையைத் தூக்கிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்சுதானா? உங்கள் கண்முன்னே பிரித்தாரா? ஒரே மருந்துக் குப்பியிலிருந்து நாலு பேருக்கு எடுத்தாரா? இதில் ஒன்றுக்காவது சந்தேகம் இருந்தால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பரிசோதித்துவிடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஹெபடைடிஸ் பி இல்லையென்றால் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் மூன்று தவணை.

சரி, பேண்டேஜுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது அதுதான்.

க்ரேப் பேண்டேஜ் சுளுக்குக்குக் கட்ட உண்டாக்கிய துணி. வீங்கிய இடத்தை அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை. மார்பு மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கும் இடம். ஒவ்வொரு அசைவுக்கும் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும், தளராது. மாலையில் மூச்சு மேலோட்டமாக வருவது, முதுகில் கத்தி குத்தினாற்போல வலி, கை விரல் மரத்துப்போவது எல்லாம் இதனால் வரும். விலா எலும்பில் விரிசல் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். செல்லோ டேப், பேக்கிங் டேப் பக்கம் போகவே வேண்டாம், தோலோடு வந்துவிடும். மார்பை இறுக்கிக் கட்டுபவர்களைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வந்தது. கலந்துகொண்ட 1,800 பேரில் 97 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. அதே ஆய்வில், கட்டிக்கொண்ட பிறகு மனம் லேசாகிறது என்றும் பலர் சொல்லியிருந்தார்கள். இரண்டுமே உண்மை என்பதால்தான், கட்டவே கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறோம் என்பதற்கும் தொந்தரவுகளுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. ஞாயிற்றுக்கிழமையாவது உடம்பை விட்டுவிடுங்கள்.

மற்ற நாட்களுக்கு, இதற்கென்றே தைத்த பைண்டர் வாங்குங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. மார்பளவை டேப் வைத்து எடுத்து அந்த அளவுக்கே வாங்கவேண்டும், இன்னும் தட்டையாகத் தெரியட்டும் என்று ஒரு அளவு குறைத்து வாங்கினால் அதுவும் க்ரேப் பேண்டேஜ்தான். எட்டு மணி நேரம் உச்ச வரம்பு. தூங்கும்போதும் ஜிம்மிலும் வேண்டாம். உங்கள் வேலை நேரம் எட்டுக்கு மேல் போகிறதே என்பீர்கள். வீட்டிலிருந்து கம்பெனிக்கு வரும்வரை ஒரு ஸ்போர்ட்ஸ் ப்ராவும் மேலே தொளதொளவென்ற கெட்டிச் சட்டையும் போதாதா என்று ஒருநாள் பார்த்துவிடுங்கள். கருநிறம், கட்டம் போட்டது, இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்தது எல்லாம் கண்ணை ஏமாற்றும். பைண்டருக்கு உள்ளே மெல்லிய காட்டன் பனியன் போடுங்கள். பனியன் ஊரில் இருப்பவருக்கு இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது.

வட்டவட்டமான அரிப்பு அநேகமாகப் படர்தாமரை. வியர்வையும் இறுக்கமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீங்கள் வாங்கிய க்ரீம் எது என்று எழுதவில்லை, ஆனால் போட்டால் குறைந்து விட்டால் பெருகுகிறது என்ற ஒரு வரியே சொல்லிவிடுகிறது. நம் மருந்துக் கடைகளில் கேட்டதும் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கலவை க்ரீம். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், தோலும் மெலிந்துபோகும். படர்தாமரை இந்தியா முழுக்க இவ்வளவு பிடிவாதமானதாக மாறியதற்கு இந்தக் கலவை க்ரீம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் தரும் மருந்தை, மறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். துண்டையும் உள்ளாடையையும் வீட்டில் யாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

பருவைப் பற்றி அதிகம் இல்லை. முதல் ஒரு வருடம் அப்படித்தான் இருக்கும், பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு வருவது உங்களுக்கு இப்போது வருகிறது. ஊசியின் அளவு சரியானால் அதுவும் குறையும். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை மட்டும் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

தண்ணீர். இதற்கு மருத்துவம் எதுவும் இல்லை, இடம் வேண்டும். பெண்கள் கழிப்பறையில் முறைக்கிறார்கள், ஆண்கள் கழிப்பறையில் பயம். இந்தக் கொடுமை உங்களுக்கு மட்டுமில்லை, பல திருநம்பிகள் சொல்வது. கம்பெனியில் தனியாகத் தாழ்ப்பாள் போடும் ஒற்றைக் கழிப்பறை ஏதாவது இருக்கிறதா? ஆபீஸ் அறையை ஒட்டியோ, விருந்தினர் வரும் பக்கத்திலோ பெரும்பாலும் ஒன்று இருக்கும். இல்லையென்றால் மதியம் ஒருமுறை அருகில் உள்ள ஹோட்டலில் போய்வருவதை வழக்கமாக்குங்கள். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர், மதியம் போவதற்குமுன் இரண்டு, மாலை வந்ததும் இரண்டு என்று குடித்தாலே இப்போதைக்கு எவ்வளவோ மேல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கவேண்டும். எரிச்சல் இருக்கிறது என்றீர்கள், அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே மருந்து எடுங்கள். கடையில் மூன்று மாத்திரை வாங்கி முழுங்கும் பழக்கம் கிருமியை முரடாக்கும். எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி என்று வந்தால் அன்றைக்கே போகவேண்டும்.

அடுத்து கர்ப்பப்பை. அழுகாது. டெஸ்டோஸ்டிரோனால் உள்சுவர் பெரும்பாலும் மெலிந்துபோகும், அதனால்தான் மாதவிலக்கு நிற்கிறது. சரியான அளவில் போகும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது, அதுவும் அளவு தாறுமாறாக. ஆகவே இப்போது படுவதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அளவு சரியான பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் பட்டால் ஸ்கேன் பார்ப்பார்கள். ஸ்கேன் என்றதும் பயப்படாதீர்கள். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்தபின் அடிவயிற்றின் மேலிருந்தே பார்க்கலாம். உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. படுவதை நிறுத்த மாத்திரையும் இருக்கிறது. கோயில் விசேஷத்துக்கு நாள் தள்ளிப்போடப் பெண்கள் போடும் மாத்திரை வகைதான், ஆனால் அதையும் மருத்துவர் எழுதித் தரட்டும். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறோம் என்பதற்காகவே கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை உங்களுக்கு 30 வயதில் தொடங்கினால் போதும். அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 26 வயதுவரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது, உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இரண்டு விஷயங்களை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு உண்டாகலாம், அப்படி உண்டானால் மருந்து சிசுவைப் பாதிக்கும். இது உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துமா என்பது எனக்குத் தெரியாது, பொருந்தினால் ஊசி தொடரும்முன் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, என்றாவது உங்கள் ரத்தத்தில் ஒரு குழந்தை வேண்டும் என்று தோன்றக்கூடும். ஊசியை நிறுத்திய பிறகு குழந்தை பெற்ற திருநம்பிகள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையும் என்று உறுதி சொல்ல முடியாது. கருமுட்டையை எடுத்து உறையவைக்க வழி உண்டு, செலவு அதிகம். இருபத்து நாலு வயதில் யோசிக்கவே பிடிக்காது என்று தெரியும். யோசித்தபின் வேண்டாம் என்றால் சரி.

எங்கே போவது? சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே நீங்கள் முதல் ஆளாக இருக்கமாட்டீர்கள், விளக்கம் சொல்லும் பாரம் குறையும். ஒருநாள் லீவு போட்டுப் போய்வாருங்கள். தொடர்ந்து பார்த்துக்கொள்ளக் கோவையில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் போதும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள், அப்புறம் வருடத்துக்கு ஓரிரு முறை. மனநல மருத்துவரின் கடிதம் கேட்கக்கூடும். உங்களுக்குப் பைத்தியம் என்று அதற்கு அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில் திருநராக இருப்பதை மனநோய்களின் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. உங்களைப் 'பெண்ணாகவே மாற்றித் தருகிறேன்' என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி மாற்றும் சிகிச்சை தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது, அதற்கு வழிவகுத்ததே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு.

சட்டையைக் கழற்றுவது பற்றி. முதல்நாள் பெரும்பாலும் தேவைப்படாது. ரத்த அழுத்தம், எடை, ரத்தம் எடுப்பது எல்லாம் சட்டையோடு நடக்கும். நெஞ்சுச் சத்தம் கேட்க ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்குள் விட்டாலே போதும். ஹார்மோன் எழுதித்தரப் பிறப்புறுப்பைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. எதைப் பார்க்கவேண்டும் என்றாலும், எதற்காக என்று கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் இன்னொரு நாள் என்று சொல்லுங்கள். அக்காவைக் கூட்டிப்போகலாம். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: 'நான் திருநம்பி. ஐந்து மாதமாக வாரம் 250 மி.கி. டெஸ்டோஸ்டிரோன். தலைவலி, தோல் அரிப்பு, சிறுநீரில் எரிச்சல், இடையிடையே ரத்தப்போக்கு. சிகரெட் உண்டு. என்னை ஆணாக அழைக்கவும்.' வரிசையில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது தொந்தரவு என்றால், டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுமாறு நர்சிடம் முன்பே கேளுங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்க ஆண், பெண் என்று தனித்தனி வரிசை இருக்கும், அந்த வரிசையில் அக்கா நிற்கட்டும்.

திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, இதுவரை வராத கடும் தலைவலி என்று எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை மறைக்காதீர்கள்.

மாதவிலக்கு அன்று செத்துவிடலாம்போல இருக்கும் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் போகிறபோக்கில் விடமாட்டேன். அந்த எண்ணம் வந்து போய்விடுகிறதா, எப்படி என்று யோசிக்கும் அளவுக்கு நிற்கிறதா? நிற்கிறது என்றால் இன்றைக்கே அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த நாட்களில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அளவு சரியாகி மாதவிலக்கு நின்றாலே பலருக்கு இந்தப் பாரம் பெரிதும் இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரைக்கும் தேதியை எதிர்பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆண்கள் பாக்ஸரில் பேட் ஒட்டிக்கொள்ளலாம். முடிந்தால் அன்று லீவு போட்டு அக்கா வீட்டில் இருங்கள்.

அம்மாவுக்குச் சொல்லவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குரல் உங்களுக்காகக் காத்திருக்காது. கற்பூரவல்லி இன்னும் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் யார், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று அக்காவோடு பேசிவையுங்கள். வரன் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது வெடிப்பதுதான் மிக மோசமான நேரம், ஆகவே இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதை மட்டுமாவது உடனே சொல்லிவிடலாம். வீட்டில் அடி உதை நடக்கும், பூட்டிவைப்பார்கள் என்ற பயம் இருந்தால் சொல்வதை ஒத்திப்போடுங்கள். அசல் சான்றிதழ்களையும் வங்கிப் புத்தகத்தையும் உங்கள் கைவசம் வைத்துக்கொண்டு, போய்த் தங்க ஓர் இடத்தையும் பேசிவைத்த பிறகு சொல்லலாம். எல்லா அம்மாக்களும் அழுது தீர்த்த பிறகு ஏற்றுக்கொள்வார்கள் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கஷாயம் வைத்துத் தரும் அம்மாவிடம் நம்பிக்கை வைக்கக் கொஞ்சம் இடமிருக்கிறது.

மீசைக்கு வருகிறேன். ஷேவ் செய்தால் சீக்கிரம் வளராது, அடர்த்தியும் கூடாது. வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் கெட்டியானதுபோலத் தெரியும், அவ்வளவே. முகத்து முடி முளைக்கவே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், முழுதாக நிறைய நாலைந்து வருடம். எவ்வளவு வரும் என்பது உங்கள் வீட்டு ஆண்களைப் பொறுத்தது. அப்பாவின், தாய்மாமனின் முகத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், தலையில் வழுக்கை விழுமா என்பதையும்கூட. ஷேவ் செய்ய ஆசையாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ரேசர் உங்களுடையதாக இருக்கட்டும், பரு இருக்கும் இடத்தில் அழுத்தாதீர்கள்.